முதல் நான்கு நிமிடம்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த புதிதில், அடுத்த வீட்டு விலாசினி சேச்சிக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் குளித்து, ஈரத்தலையில் துளசிக்கதிர் செருகி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பார்த்துப் பேசுவார். சிரிப்பார், கோபிப்பார், மூக்கைச் சிந்துவார். எதிரே ஆளே இருக்காது. பிறகுதான் தெரிந்தது, அபுதாபியில் இருக்கும் கணவருக்கு அவர் போடும் கடிதம் அது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கடிதத்தை எழுதுவோம். இங்கே வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் கடிதத்தைப் பேசுகிறார்கள். பேசிய கேசட்டை முதலுக்குச் சுற்றி, ரெக்கார்டரிலேயே வைத்துவிடுவார்கள். லீவு முடிந்து விமானம் ஏறுகிற யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார். அங்கே கேட்டு முடித்ததும், அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கேசட் மாமியார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்குமாக அலைகிற மருமகளைப் போல வந்துபோய்க்கொண்டிருக்கும்.

சேச்சியின் கணவர் ரகு சேட்டன் ஒரு லீவில் வந்தபோது, மகள் படிப்புக்கென்று ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. டி.வி.யில் ஒரு வயர், டேப் ரெக்கார்டரில் ஒரு வயர். மகள் ஒரு வாரத்தில் சலித்துப்போனாள். பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு விரலுக்கு வேலையில்லாமல் இருந்தவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவுக்கு இரும்புக்கடை வேலைக்கும் போனதும், நான் வேலியைத் தாண்டி அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

கூடவே ஒரு கட்டு இங்கிலீஷ் பத்திரிகைகள் வந்திருந்தன. அவற்றில் பக்கம் பக்கமாகப் புரோகிராம்கள் அச்சாகியிருக்கும். பொறுமையாக அடித்தால் அது நம்முடையது. வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம், அடுத்தவருக்குப் பதிந்து கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கண்காணாத சீமையில் யாரோ மெனக்கெட்டு எழுதியதை, பேர் ஊர் தெரியாத எனக்கு இலவசமாகத் தருகிறான் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நாம் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, ‘நான் கெட்டிக்காரன்’ என்று இங்கிலீஷில் பீற்றிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று. சேச்சி நடுவிலேயே எண்ணை மாற்றிக்கொண்டு அதை ஏமாற்றுவார். திரை முழுக்கப் புள்ளிகளைத் தூவி ஓர் ஓரத்திலிருந்து மெல்ல அழிப்பது இன்னொன்று. அதைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருவரும் பயறு உரித்திருக்கிறோம்.

ஆனால் என் செல்லம் காலண்டர்தான். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் கிழமை சொல்லும். அதில் நானாக யோசித்து இரண்டு வரி சேர்த்தேன். இங்கிலீஷ் மாதத்துக்குக் கீழே சிங்ஙம் என்று மலையாள மாதம் ஒரு வரி, ஆவணி என்று தமிழ் மாதம் ஒரு வரி, இரண்டும் இங்கிலீஷ் எழுத்தில். அது சரியாக ஓடிய அன்று, பரீட்சையில் பாஸான நாளைவிட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரே தொல்லை, கரண்டு போனால் கம்ப்யூட்டருக்கு, அடித்தது அத்தனையும் மறந்துபோகும். உடனே கேசட்டில் பதிய வேண்டும்; பாட்டுப் போல அதுவும் ஒரு கீச்சொலியாகப் பதியும். ஒரு தடவை பதிந்தால் எனக்கு மனசு அடங்காது, மூன்று தடவை பதிவேன். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை, மழை இருட்டிக்கொண்டு வந்த அவசரத்தில், ரெக்கார்டரில் முதலுக்குச் சுற்றி வைத்திருந்த கேசட்டை, எனக்காகச் சேச்சி போட்டுவைத்த புதுக் கேசட் என்று நினைத்துப் பொத்தானை அமுக்கினேன். மூன்று தடவை, மொத்தம் நான்கு நிமிடம். பழக்க தோஷத்தில் மறுபடியும் முதலுக்குச் சுற்றி வைத்துவிட்டு, உலையில் அரிசி போட ஓடினேன்.

திங்கட்கிழமை போனால் ரெக்கார்டர் காலி. டி.வி. பக்கத்தில் புதுக் கேசட் பிரிக்காமல் கிடக்கிறது.

“சேச்சி, இதுல இருந்த கேசட் எங்க?”

“அது என்டெ கத்தல்லே, சேட்டனுக்குப் பேசிய கடிதம்? நேத்து ஒராள் அபுதாபிக்குப் போனார், கொடுத்துவிட்டேன்.”

அது சாதாரணக் கடிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், போடவா, ஊருக்கு வரவா, முடிவை நீ சொல் என்று ரகு சேட்டன் கேட்டிருந்தார். சேச்சி பத்து நாள் யோசித்துப் பேசிய பதில் அது. மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் முகம் பொய்க்கு உதவாது. நடந்ததைச் சொன்னேன்.

சேச்சி திட்டவில்லை. “முதல்லயா, கடைசிலயா?” என்று மட்டும் கேட்டார்.

“முதல்ல. நாலு நிமிஷம்.”

குடையை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரே ஒரு வரி போனால் போதும். சேச்சி படிவத்தில் விலாசத்தை முத்து முத்தாக எழுதினார். அப்புறம் பேனா நகரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கும். கவுண்டரில் இருந்த பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், “மரணமாணோ?” என்று கேட்டார். “அல்ல, ஒந்நுமில்ல” என்று சொல்லிவிட்டு, சேச்சி படிவத்தை நான்காகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில்தான் சொன்னார். “முதல்ல காரியம் எல்லாம் பறஞ்சிருந்தேன். மாடி பணி முடியல, பெண்ணு வளருது, ரெண்டு வருஷம் கூட நில்லுங்கன்னு. பின்னே சும்மா ஓரோந்நு பறஞ்சேன். பலா காய்ச்சது. மழையில அடுக்களை ஓடு ஒழுகுறது. ‘உங்க செருப்பு இப்பவும் வாசல்லதான் இருக்கு, தினமும் துடைச்சு வைக்கிறேன்’னு.” குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “அது அழிஞ்சில்லல்லோ?”

“இல்ல சேச்சி.”

“பின்னே மதி, போதும். அது மட்டும் போகட்டே.”

இரண்டு மாதத்தில் ரகு சேட்டன் வந்து இறங்கினார். வந்தவர் முதலில் அந்தச் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டார். “கம்பெனி கேம்ப்ல எல்லாரும் கூடி இருந்து கேட்டோம். மிக்சியில ஆணி போட்ட மாதிரி ஒரு சத்தம். மெஷின் கேடாச்சுன்னு நினைச்சேன். பின்னே இவளோட சப்தம் வந்தது. அது மதியாயிருந்தது எனிக்கு.” அழிந்த நான்கு நிமிடத்தில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, சேச்சியும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை நான் எழுதுகிறேன். அவர் திருப்பிக் கொண்டுவந்த அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். காலண்டர் வந்தது. அவர் வந்து இறங்கிய தேதியை அடித்தார். வெள்ளிக்கிழமை என்றது; கீழே சிங்ஙம், அதன் கீழே ஆவணி.

மாடி இன்னும் முடியவில்லை. தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் கொடி கட்டிச் சேச்சி துணி உலர்த்துகிறார். அந்தக் கம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. கீழே சேட்டனும் சேச்சியும் மீன் யார் கழுவுவது என்று சண்டை போடும் சத்தம் கேட்டால் உறுத்தல் போய்விடுகிறது.

இப்போது என் முறை. திருநெல்வேலி டவுனில் அத்தான் எங்களுக்கு ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறார். வருகிறீர்களா, இல்லையா என்று அக்கா கேட்டிருக்கிறாள். “நீ என்ன சொல்லுதியோ அதான். அக்காட்ட நீயே சொல்லிரு” என்று என் வீட்டுக்காரர் கைகழுவிவிட்டார். அக்கா வீட்டிலும் டேப் ரெக்கார்டர் இருக்கிறது. எழுத வராமல், நானும் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, சேச்சி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினேன். வருகிறோம், பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும், சொந்தபந்தத்தோடு இருக்க வேண்டும் என்று காரியத்தையெல்லாம் முதலில் சொன்னேன். பிறகு வாய் தன்பாட்டுக்கு ஓடியது. இங்கே மழை வெளுத்து வாங்குகிறது, சேச்சி வேலிக்கு மேலே கப்பைக் கிழங்கு நீட்டுகிறார், என் காலண்டரை இந்தத் தெருவில் மூன்று வீட்டுக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த சேச்சி, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றார். “முதல் நாலு நிமிஷம் ஞான் அழிச்சுத் தரட்டே?”

இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கேசட்டை முதலுக்குச் சுற்றி ரெக்கார்டரிலேயே வைத்துவிட்டு வந்தேன். நேற்றுத் திருநெல்வேலிக்குப் போகிற ஆள் வந்து கேட்டார். அடுத்த தடவை தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். கேசட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பதிவுப் பொத்தானை யாரும் தொடவில்லை, நானும் கேசட்டை வெளியே எடுக்கவில்லை.