மதராஸ் வாய்

கல்கத்தாவில் காளிகாட்டில் ஒரு ஹைஸ்கூலில் நான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தபோது, வேலையில் இருக்கும் இங்கிலீஷ் வாத்தியார்களுக்கே பாடம் சொல்லித்தரப் போவதாக உத்தரவு வந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். சீமையிலிருந்து புதிதாக வந்த துரை ஒருவர் வகுப்பு எடுப்பார். நரைத்த தலைகளெல்லாம் முணுமுணுத்தன. எனக்கு மட்டும் அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று.

காரணம், நான் கும்பகோணத்திலிருந்து போனவன். என் வங்காளி அரைகுறை. இங்கிலீஷ் வாக்கியத்தைப் படித்து வங்காளியில் அர்த்தம் சொல்வதுதான் அதுவரை பாடம் நடந்த முறை. அர்த்தம் சொல்ல நான் வாயைத் திறந்தாலே பையன்கள் சிரிப்பார்கள். துரையோ, தாய்மொழியே வகுப்புக்குள் வரக்கூடாது என்றார். கதவைத் திறந்துகொண்டே 'கதவைத் திறக்கிறேன்' என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பிறகு பையன் திறக்க வேண்டும், அவனும் சொல்ல வேண்டும். எனக்காகவே யாரோ கண்டுபிடித்த முறை மாதிரி இருந்தது.

வீட்டில் தனியாக ஒத்திகை பார்த்தேன். என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏன்னா, குடையை விரிக்கறதும் மடக்கறதுமா இருக்கேளே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"பாடம் நடத்தப் பழகறேன்டி."

"நன்னா பழகினேள், போங்கோ!"

சில மாதங்களில் என் வகுப்பு மாறிவிட்டது. புஸ்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நடந்து, ஜன்னலைச் சாத்தி, தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார்கள். சத்தம் அதிகம் என்று ஹெட்மாஸ்டர் குறைபட்டுக்கொண்டார். 'துரை வந்து பார்க்கட்டும், தெரியும்' என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

துரை வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தார். முடிவில் அவரே ஒரு பையனை, பள்ளிக்கூடத்துக்கு எப்போதெல்லாம் வருவாய் என்று கேட்டார். பையன் தயங்காமல் பதில் சொன்னான். 'எவ்ரி டே' என்பதை மட்டும் என்னைப் போலவே 'யெவ்ரி டே' என்றான். துரையின் உதடு கோணிற்று.

ஹெட்மாஸ்டர் அறையில், நான் அங்கே நிற்பதே தெரியாதவர்போல் துரை பேசினார்.

"முறையை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பையன்களுக்கு மதராஸ் வாய் வந்துவிடுகிறது. முறையை இந்த ஊர்க்காரர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்பை அவர் எடுக்கட்டும்."

நான் பொறுக்கமாட்டாமல், "இவர்கள் இங்கிலீஷ் பேச ஆரம்பித்ததே என்னிடம்தான், சார்" என்றேன்.

"அதனால்தான் சொல்கிறேன்" என்றார் துரை, சிரித்துக்கொண்டே.

அவர் போனதும் ஹெட்மாஸ்டர் என் தோளைத் தொட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க, மாஸ்டர்மொஷாய்" என்றார். அந்த மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வகுப்பு மட்டும் போய்விட்டது.

ஜூனியர் வாத்தியார் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பிள்ளை. அவருக்கு 'வெரி' வராது, 'பெரி' என்பார். அது துரையின் காதை உறுத்தவில்லை போலும். எனக்குச் சின்ன வகுப்புக் கணக்கைக் கொடுத்தார்கள்.

"கணக்குதானேன்னா? அதுக்கு எந்த வாயா இருந்தா என்ன?" என்றாள் மனைவி. ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோனேன்.

மறுவருஷம் அந்தத் துரை மாற்றலாகி, வேறொருவர் வந்தார். வாத்தியார்களை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜூனியர் போய்விட்டு வந்து எங்கள் அறையில் சொன்னார்: "வங்காளியில அர்த்தம் சொல்லாம இங்கிலீஷ் ஏறாதாம். பழையபடியே நடத்தணுமாம்."

அறையே சிரித்தது. நான் பின்னக் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. வேலையிலிருந்து விலகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார்தான்.