எழுத்துக்கு ஒரு நம்பர்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்குப் பழைய கம்ப்யூட்டரில்தான் எழுத்து அடிப்போம். கீபோர்டில் இல்லாத எழுத்து வேண்டுமானால் அதற்குரிய நம்பரைத் தட்ட வேண்டும். அந்த நம்பர்கள் எனக்கு மட்டும்தான் மனப்பாடம். "அண்ணாச்சி, ஸ்ரீக்கு என்ன நம்பரு?" என்று கூட வேலை பார்க்கும் பையன்கள் கேட்பார்கள். மற்றபடி என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒருநாள் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க விருதுநகரிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. ஒரு கையால் காராச்சேவு கொறித்துக்கொண்டே மறு கையால் டைப் அடிப்பார். பையன்கள் என்னிடம் நம்பர் கேட்பதைப் பார்த்தார். நாலைந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். எல்லா எழுத்தும் நம்பரோடு கட்டம் கட்டமாக அச்சாகி வந்தன.

"இனி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாக, அண்ணாச்சி."

"தொந்தரவுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று முனகினேன்.

"என்னமும் சொன்னீகளா?"

"ஒண்ணுமில்ல."

பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அதே பட்டியல் கூடுதலாக அச்சாகி வந்த ஒரு தாளில் எண்ணெய்க் கையைத் துடைத்துக் கசக்கிப் போட்டுவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவருடைய படிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அத்தனை எழுத்தையும் கசக்கிப் போட அவருக்கு மனசு வந்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.