ஹெம்படூனுக்கு ஆறு, தெர்ஹிலேக்கு ஐந்து

இகோ குடும்பத்து வளவில், இகோவின் மூன்றாவது மனைவி வயிற்றில் பிறந்தவர் சாசேர். அவருக்கு ஏழு பிள்ளைகள், மூத்தவன் தெர்ஹிலே, தொடக்கப்பள்ளி வாத்தியார். அவன் கட்டிக்கொண்டவள் ஹெம்படூன், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அடாகா வீட்டுப் பெண். தாய்வழியில் எண்ணிப் பார்த்ததில் இரண்டு வீடும் சேருவது ஆறு தலைமுறைக்கு அப்பால்தான் என்று தெரிந்த பிறகே பெரியவர்கள் சம்மதித்தார்கள். அவளும் அதே பள்ளியில் டீச்சர். ஆசிரியர் பயிற்சியில் அவள் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள், அவன் பத்தொன்பதாவது. கல்யாணத்தன்று அவளுடைய சித்தப்பா இதை ஊர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். தெர்ஹிலேயும் சிரித்தான். உள்ளே விழுந்த பொறி அணையவில்லை.

குழந்தை லுபெம் பிறந்த பிறகு, பட்டம் இல்லாதவர்களுக்கு இனிப் பதவி உயர்வு கிடையாது என்று பேச்சு வந்தபோது இருவரும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்தார்கள். ஒரே மோட்டார் சைக்கிள். அவன் ஓட்ட, அவள் பின்னால் புத்தகப் பையோடு உட்கார்ந்து போவாள்.

ஹெம்படூன் பாடப் படிவத்தை நிரப்பியது தோட்டத்தைக் கணக்குப் பார்த்து. மழை பிடித்துவிட்டால் வள்ளிக்கிழங்குக் களை ஆளை விடாது, ஆகவே அந்த செமஸ்டரில் ஐந்து பாடம், பதினைந்து கிரெடிட். வறண்ட காலத்தில் ஆறு. நிறையப் படிக்க வேண்டிய இரண்டு பாடங்களை ஒன்றாக எடுக்கவே மாட்டாள். முதல் மழைக்கால செமஸ்டரில் அவள் ஐந்து எழுதியதை எட்டிப் பார்த்த தெர்ஹிலே, தன் படிவத்தில் எட்டு எழுதினான். இருபத்துநாலு கிரெடிட். அதற்கு மேல் பல்கலைக்கழகமே விடாது.

இத்தனை எதற்கு என்று அவள் கேட்டாள்.

"நான் சீக்கிரம் முடிச்சிட்டு உனக்கு நோட்ஸ் தரேன், லுபெம் அம்மா" என்றான்.

அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டியபோது அவளுக்கு ஐந்தும் தேறியிருந்தன. அவனுக்கு இரண்டு போய்விட்டது. அரியர் பாடத்தைப் புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். முதல் நாள் உள்ளே நுழைந்தால், அவனிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் எழுந்து நின்று, "சார், இங்க உக்காருங்க சார்" என்று முன்வரிசையைக் காட்டினாள். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

படிவம் கொடுக்க இன்னும் நாள் இருந்தது, அந்த அவமானத்துக்குப் பிறகாவது குறைத்தானா? இல்லை. அவள் ஆறு எடுத்திருந்தாள். அவன் அந்த இரண்டு அரியரையும் சேர்த்து மறுபடியும் இருபத்துநாலு போட்டான். இந்த முறை நான்கு போனது. கூடவே ஒரு கடிதம் வந்தது. அடுத்த செமஸ்டரிலும் இப்படியே ஆனால் பெயரை நீக்கிவிடுவார்களாம். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை. சட்டையைத் துவைப்பது அவள்தான் என்பது அவன் நினைவில் இல்லை.

அவன் மனது வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மைவிடக் கெட்டிக்காரியாக இருந்து தேறுகிறாள் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? பாட ஆலோசகர் அக்பெஹேதான் அவளைத் தூக்கிவிடுகிறார் என்று முடிவு கட்டினான். படிவத்தில் கையெழுத்துக்கு என்று அவர் அறைக்குள் போனால் அரைமணி நேரம் வரமாட்டாள், வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். வீட்டில் தன்னோடு பேசும்போது அந்தத் தெளிவை அவன் பார்த்ததில்லை. வழியெல்லாம் வண்டியைக் குழியில் இறக்கி ஏற்றினான். அவள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். அந்த மௌனத்தையும் அக்பெஹேயின் கணக்கிலேயே சேர்த்தான்.

அடுத்த பதிவு நாளில் அவள் உள்ளே போனதும், அவன் ஜன்னலுக்குக் கீழே, மாமரத்து ஓரமாகப் போய் நின்றான்.

உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய பாடத்தைப் பற்றியே அல்ல. இரண்டாம் புள்ளியியல் எடுக்க முதலாம் புள்ளியியல் தேறியிருக்க வேண்டுமா, இந்த நான்கு அரியரில் எதை முதலில் முடித்தால் மற்றது திறக்கும், எதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டாலும் மோசமில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆலோசகர் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரே வந்து கேக்கலாமேம்மா" என்றார் அவர்.

"வரமாட்டார் ஐயா. நான் எழுதினதுன்னு தெரிஞ்சா கிழிச்சுப் போடுவார். நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க. அஞ்சுக்கு மேல வேணாம்."

தெர்ஹிலேக்கு வந்தது வெட்கமா எரிச்சலா என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. வேறு ஒருவனோடு சிரித்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். கடிதம் இருந்தது, ஆனால் அவன் மடித்தபடி இல்லை, இரண்டாக மடித்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆலோசகர் அவனைக் கூப்பிட்டு, தானே யோசித்தது போல ஒரு தாளை நீட்டினார். மூன்று அரியர், இரண்டு புதுப் பாடம். ஹெம்படூனின் கையெழுத்தை மறைக்க அவர் அதைத் திருப்பி எழுதக்கூட இல்லை. தெர்ஹிலே தாளைப் பார்த்தான், மேசை மேல் அவளுடைய படிவம் கிடந்ததையும் பார்த்தான்.

"அவளுக்கு எத்தனை?"

"ஆறு. இந்த மழைக்குக் களை எடுக்க ஆள் பிடிச்சிருக்காங்களாம்."

"எனக்கும் ஆறு போடுங்க ஐயா."

"போடறேன். அப்புறம் அடுத்த வருஷம் அந்தம்மாவைக் கொண்டுவந்து விட்டுட்டு, கேட்டுக்கு வெளியே வண்டியைப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

பேனா வெகுநேரம் தாளுக்கு மேலேயே நின்றது. கடைசியில் ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

அந்த செமஸ்டர் முழுக்க அவனுக்குத் தூக்கம் நன்றாக வந்தது, அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. முடிவு ஒட்டிய அன்றைக்குப் பலகையில் முதலில் தேடியது அவளுடைய எண்ணை. ஆறும் தேறியிருந்தாள். நெஞ்சு எரிந்தது. அப்புறம்தான் தன் எண்ணைத் தேடினான். ஐந்தும் தேறியிருந்தன. பெயர் தப்பியது.

அவளைவிட ஒன்றரை வருஷம் பிந்தித்தான் அவன் பட்டம் வாங்கினான். அது பிறகு நடந்தது. அன்றைக்கு வீடு வந்ததும், அடுத்த செமஸ்டருக்கான வெற்றுப் படிவத்தைத் தானாகவே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான்.

"நீயே எழுது. அஞ்சுக்கு மேல எழுதாத. உனக்கும் அஞ்சுதான் எழுதணும், சொல்லிட்டேன்."

"சரி, லுபெம் அப்பா" என்றாள் ஹெம்படூன். வறண்ட காலம்தானே வருகிறது என்று, அவனுக்கு ஐந்தும் தனக்கு ஆறும் எழுதினாள்.