அப்பா தானே போட்ட வருமான வரிக் கணக்கு

எங்கள் அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு வரவேண்டும். புதுச்சத்திரத்தைச் சுற்றி எந்த வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருக்கிறார்கள், எந்தக் கோழிப்பண்ணையில் திருட்டுத்தனமாக வயர் ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொஞ்சம் குறைத்து எழுதுங்கள் என்று யார் கெஞ்சினாலும், “மீட்டர்ல இருக்கறதத்தான் எழுதுவேனுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இதனால் ஊரில் அவருக்கு மரியாதை உண்டு, ஆனால் ஒரு வீட்டிலும் காபி கிடைக்காது.

அந்த மனிதர் தன்னுடைய வருமான வரிக் கணக்கையும் தானே போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் மற்ற அத்தனை பேரும் ராசிபுரத்தில் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் ஆடிட்டருக்குப் படித்தவர் இல்லை. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி மாடியில் கடை போட்டவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் ஆடிட்டர்தான். முந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும், சம்பளத்தில் பிடித்த வரியில் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கித் தந்துவிடுவார் என்று பெயர் எடுத்திருந்தார். முந்நூறு ரூபாய்க்கு யோசிக்கிற ஆள், எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று அப்பாவைக் கேலி பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வரிக்கான வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். முடிந்த வருடத்துக்கு ஜூலையில் கணக்குக் கொடுக்கவேண்டும். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா லேப்டாப்பைத் திறந்து வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அச்செடுத்த படிவத்தைக் கட்டம் கட்டமாகச் சத்தம் போட்டுப் படிக்கவேண்டும். அப்பா ஒற்றை விரலால் தட்டுவார். இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது படிக்கிற திமிர் எனக்கு. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் தடங்கலில்லாமல் படிப்பேன். வரிக் கழிவுகள் பக்கத்தில் ஒரு கட்டம் வரும். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்தால், அவரைப் பராமரிப்பதற்கான கழிவு அது. இங்கிலீஷில் வாய் வலிக்கிற அளவுக்கு நீளம். பாதி படிக்கும்போதே அப்பா, “அது நமக்கில்ல சாமி, தாண்டு” என்பார். விட்டது தொல்லை என்று நானும் தாண்டிவிடுவேன்.

அவர் அப்படிச் சொன்னபோதெல்லாம் என் தம்பி எங்களுக்குப் பின்னால் பாயில் படுத்திருந்தான். நான் ஐந்தாவது படித்தபோது அவனுக்கு வயது ஐந்து. தலை நிற்கவில்லை. கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பேச்சில்லை, சிரிப்பு மட்டும் தாராளமாக உண்டு. அவனைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. அப்பாவும் நாலு வயது வரைக்கும் பேசவில்லை என்று அவர் வழிச் சொந்தங்கள் யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யார் விசாரித்தாலும், “கொஞ்சம் லேட்டுங்க, வந்துருவான்” என்பார். ஊரிலும் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசியிருக்கலாம் என்று இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்த வருடம் அம்மா விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரிப் பணம் திரும்ப வந்து வாஷிங் மெஷின் வாங்கியிருந்தார். “ஏனுங்க, ஊரே அந்த ஆடிட்டர்கிட்டக் குடுத்து வாங்குது. நீங்க மட்டும் சொந்தமாப் போட்டு என்னத்தக் கண்டீங்க? எனக்கு மெசினு வேண்டாமுங்க. இவனை ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டலாமல்ல” என்று பத்து நாள் புலம்பினாள். கடைசித் தேதி நெருங்கியபோது அப்பா வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கித் தருவதாக என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஆடிட்டர் எங்களுக்கு இரண்டு டீ சொன்னார். அப்பாவின் சம்பளத் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மளமளவென்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“வாடகை ஊடுங்களா சார்?”

“சொந்த ஊடுங்க.”

“பரவாலீங்க, வாடகைன்னு போட்டுக்கலாம். ஊட்ல ஊனமுற்றவங்க யாராச்சும் இருக்கறாங்களா?”

“இல்லீங்க.”

“இல்லாட்டியும் ஒண்ணுமில்லீங்க, ஒரு ஆளைச் சேத்துக்கலாம். உங்க ஆபீஸ்லயே நாலு பேருக்குப் போட்டிருக்கறேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பாவையே போட்டுரலாமுங்க சார். காது கேக்காதுன்னு.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கெல்லாம் காது நல்லாக் கேக்கும். எந்தம்பிதான் நடக்கமாட்டான், பேசமாட்டான்” என்றேன்.

ஆடிட்டர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். லாட்டரியில் விழுந்தவர் மாதிரி அவருக்கு ஒரே சந்தோஷம். “நெசமாவே இருக்குதுங்களா? அத மொதல்லயே சொல்றதில்லீங்களா சார்? சர்டிபிகேட் எடுத்தாச்சுங்களா?”

அப்பா மேசையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். “அவனுக்கு ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீ வருவதற்குள் நாங்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஆள் மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க. நாமக்கல்லுல முகாம் போடறாங்க, கூட்டிட்டுப் போயி அட்டை வாங்கிருங்க. மாசாமாசம் பணம் வரும், பஸ் பாஸ் குடுப்பாங்க, சேலத்துல சும்மாவே பயிற்சி குடுக்கறாங்க” என்று மேலேயிருந்து கத்தினார். அவர் எத்தனை பேருக்குப் பொய்க் கணக்கு எழுதினாரோ தெரியாது. எங்கள் வீட்டைப் பற்றி எங்கள் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வண்டி கடைவீதியில் நிற்கவே இல்லை. ஷூ போன ஆத்திரத்தில், வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மாவுக்கு என் ஷூவைப் பற்றி அக்கறையில்லை. “அட்டைன்னாரா? சேலத்துல பயிற்சின்னாரா? நாமக்கல்லுன்னுதான் சொன்னாரா? அப்படியே சொல்லு சாமி” என்று மூன்று முறை சொல்லவைத்தாள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. ஊரான் ஊட்டு மீட்டரையெல்லாம் ஒத்தப் புள்ளி தவறாம எழுதறீங்க. நம்மூட்ல கெடக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்று அம்மா கேட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. “கவர்மெண்டு பேப்பர்ல ஏத்திட்டா அப்பறம் எறக்க முடியாது அம்மிணி. அவனை அவ்வளவுதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். தை வரைக்கும் பாக்கலாம்” என்றார். மறுநாள் தனியாக உட்கார்ந்து கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். படிக்க என்னைக் கூப்பிடவில்லை.

தை வந்தது, போனது. தம்பிக்கு ஒன்றும் மாறவில்லை. மாசியில் ஒரு புதன்கிழமை, அப்பா வேலைக்குப் போனதும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். பையைத் தூக்க நான் போனேன். அட்டைக்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோவில் தம்பியின் தலை ஒரு பக்கமும் நிற்காமல் ஆடியது. கடைசியில் அம்மா நீலத் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, திரையோடு சேர்த்து அவன் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரே நின்று நாக்கைத் துருத்தினேன். அவன் சிரித்தபோது எடுத்த படம் அது. முகாமில் டாக்டர் அவன் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத் தொண்ணூறு சதவீதம் என்று எழுதினார். “ரெண்டு வயசுலயே கொண்டாந்திருக்கலாமேம்மா” என்றார். அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் பரீட்சையில் தொண்ணூறு வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள், அதனால் தம்பி ஏதோ நன்றாகத்தான் வாங்கியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா அந்த அட்டையைக் கையில் வாங்கவில்லை. அம்மாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் தம்பியைச் சேலத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு அக்கா அவனைக் குப்புறப் போட்டு, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்து, கிலுகிலுப்பையை ஆட்டித் தலையைத் தூக்கவைப்பாள். தலை நின்றால் நெஞ்சுக்கும் பலம் வரும், சளி தங்காது என்பாள். வீட்டில் அதைச் செய்ய நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். முதலில் இரண்டு எண்ணுவதற்குள் தொப்பென்று விழுந்துவிடும். பங்குனியில் பதினொன்று வரைக்கும் எண்ணினேன். அப்பா அதைப் பார்க்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா சமையலறைக்குப் போனதும், “இன்னிக்கு எத்தனை?” என்று மெதுவாகக் கேட்பார்.

சித்திரை கடைசியில் தம்பிக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. அவனுக்கு இருமித் துப்பத் தெரியாது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அவனைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் பயிற்சி ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா அதை ஒருநாளும் கேட்காமல் இருந்ததுதான் அப்பாவைத் தின்றது என்று நினைக்கிறேன்.

ஜூலை வந்தது. இந்த வருடமாவது ஆடிட்டரிடம் கொடுத்துவிடு, உனக்கு இருக்கிற மனநிலையில் எதற்கு இந்த வேலை என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டார். நான் ஆறாவதுக்குப் போயிருந்தேன், இன்னும் வேகமாகப் படித்தேன். கழிவுகள் பக்கம் வந்ததும், அவர் சொல்வதற்கு முன்பே அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

“நில்லு. விட்டுட்டியே, அதப் படி.”

படித்தேன். முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். அப்பா உள்ளே திரும்பி, “அந்த அட்டையக் கொஞ்சம் எடு அம்மிணி” என்றார். அம்மா வந்து நின்றாள். “இனி எதுக்குங்க அது?” என்று கேட்டாள். அவர் மேசையில் கிடந்த தாள்களை ஒதுக்கி இடம் விட்டார். அம்மா பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். படத்தில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். தொண்ணூறு சதவீதத்துக்கு எவ்வளவு கழிவு என்று விதியில் பார்த்து அந்தத் தொகையைத் தட்டினார். ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, பிறகு என்னிடம் சரிபார்க்கச் சொன்னார். எண் சரியாக இருந்தது.

ஆவணி பாதியில் ஒரு காலை, அப்பாவின் போன் ஜன்னலில் சார்ஜில் இருந்தது. மெசேஜ் வந்ததை நான்தான் பார்த்தேன். பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரவு, வருமான வரி ரீஃபண்ட். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “அப்பா, வந்துருச்சு! பதினெட்டாயிரம்! ஆடிட்டர் இல்லாமயே வாங்கிட்டோம்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அப்பா ஈரக்கையை வேட்டியில் துடைத்தார், ஆனால் போனை வாங்கவில்லை.

“எந்த வருசத்துக்குன்னு போட்டிருக்குது?”

மெசேஜில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

“மார்ச்சு வரைக்குந்தானே சாமி அது?”

“ஆமாங்ப்பா.”

“மார்ச்சுல இருந்தானல்ல?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கில் ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். “மார்ச்சுல நல்லாத்தான் இருந்தானுங்ப்பா, பதினொண்ணு எண்ணுனமல்ல. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்குது, பயப்படாதீங்க” என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.