பேசாத கருவியைக் கேட்டு வாங்கினேன்

என் கணவர் மறுபடியும் பேசுவதற்கு ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவள் நான்.

எப்படி அடைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மருந்தை ஒளித்து வைக்கவில்லை. வைத்தியத்துக்கு மறுக்கவில்லை. மகள் போனில் கூப்பிட்டு, தொடுதிரை டேப் வாங்கவா, புத்தகம் படிக்கிற ரீடர் வாங்கவா என்று கேட்டாள். ரீடர் போதும் என்றேன். அவ்வளவுதான்!

இதற்குப் போயா இத்தனை புலம்பல் என்று நீங்கள் எழுந்து போகலாம். கொஞ்சம் இருங்கள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு இனித் தெம்பில்லை. சொன்னால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை…

நாங்கள் கரமனையில் இருக்கிறோம். நான் பிறந்ததும் படித்ததும் நாகர்கோவில் பக்கம். அவர் திருவனந்தபுரத்திலேயே பிறந்தவர். எங்கள் ஆட்கள்தான், வீட்டில் தமிழ்தான். ஆனால் படிப்பெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் வாசிப்பார். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! பால் வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் நான் கடுங்காப்பி போட்டுக் குடித்து முடித்திருப்பேன். வழியில் நாயைக் கண்டாலும் நலம் விசாரிப்பார் என்று மகள் கேலி செய்வாள். என்னிடம் தமிழ், ஊராரிடம் மலையாளம். வேடிக்கைப் பேச்செல்லாம் மலையாளத்தில்தான். வாசலில் நின்று யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பார். உள்ளே வந்து எனக்கு அதைத் தமிழில் சொல்லும்போது அதில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது.

எனக்கு இருந்த ஒரே ஆசை வாசிப்பு. கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குத் தமிழ் வாரப்பத்திரிகைகள் வரும். அண்ணன் ஊரிலிருந்து வரும்போது பழைய புத்தகங்கள் கொண்டுவருவான். நான் புத்தகத்தை விரித்தால் போதும், அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும்.

“ஏட்டி, அதுல அப்படி என்ன இருக்கு? எனக்கும் சொல்லு” என்று பக்கத்தில் வந்து உட்காருவார்.

சொல்லத் தொடங்குவேன். இரண்டாவது வரியிலேயே அவருக்குக் கடைக்கு வந்த யாரோ ஒருவர் ஞாபகம் வந்துவிடும். பிறகு அந்த ஆளின் தங்கை கல்யாணம், கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது… என் கதை மடியில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்த நாள் எனக்கு அந்த வீட்டில் வாய்த்ததில்லை.

கெட்டவரா என்றால், இல்லை. அதுதான் கொடுமை! எனக்குக் காய்ச்சல் வந்தால் அவரே கஞ்சி வைப்பார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைப் பற்றியும் நெடுநேரம் பேசுவார்.

போன வருஷம் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கம்பை ஊன்றி நடக்கிறார். பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பது வாய்க்கு வராது. ஒரே ஒரு மலையாளச் சொல் மிஞ்சியது, நம் ‘அப்புறம்’ மாதிரி. “பின்ன.”

தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘பின்ன’. கால் வலித்தாலும் ‘பின்ன’. மகள் வீடியோவில் வந்தால் கண்ணீர் வழிய ‘பின்ன, பின்ன’.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க அஞ்சனா என்று ஒரு பெண் இருந்தாள். மலையாளத்துப் பெண், நல்ல பொறுமை. தன்னுடைய டேப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். திரையில் வரிசையாகப் படங்கள். தொட்டால் அந்தப் படத்தின் பெயரை அதுவே சொல்லும். அவர் இடது கையால் டீ கிளாஸ் படத்தைத் தொட்டார். “சாயா” என்றது அது.

அவர் திகைத்துப் போனார். மறுபடியும் தொட்டார். “சாயா.” பிறகு வாயைக் கோணிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, “சா…” என்றார்.

சிரித்தார்! விழுந்த பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்… சிரித்துக்கொண்டே, ஐயோ, அந்தப் பேச்சு மறுபடியும் தொடங்கப் போகிறது என்று நினைத்தேன்.

அஞ்சனா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இப்படி ஒரு டேப் வாங்கி வீட்டில் தினமும் பழக்க வேண்டும். ஆரம்ப மாதங்களை விட்டுவிடக் கூடாது. எவ்வளவு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. முயற்சி மட்டும் இப்போதே வேண்டும். வீட்டில் தமிழ்தானே பேசுகிறீர்கள், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் வீட்டு வார்த்தையை நீங்களே பேசிப் பதிந்துவிடலாம் என்றாள்.

“அம்மையுடெ சப்தம் மதி” என்றாள் கடைசியாக. என் குரல் போதுமாம்.

நான் தலையை ஆட்டினேன். பிறகு வெளியே வந்து மருந்துக்காகக் காத்திருந்தேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். பலகை மாதிரி மெல்லியதாக ஒன்றைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தமிழ்! காகிதத்தில் அச்சடித்தது போல, கண்ணைக் கூசாமல், எழுத்து கொண்டைக்கடலை அளவுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கோ ஒரு கண்ணில் புரை. போனில் ஒரு பக்கம் படித்தால் நீர் கொட்டும். பத்திரிகை எழுத்தெல்லாம் எறும்பாகிப் பல நாளாயிற்று. இதில் புத்தகம் தவிர வேறொன்றும் வராது, பாட்டு, படம், பேச்சு எதுவுமில்லை, அதனால்தான் நிம்மதி என்றாள் அவள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மகள் உமா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. டேப்பைப் பற்றியும் ரீடரைப் பற்றியும் நான் சொல்லியிருந்தேன்; இரண்டையும் இப்போது வாங்க முடியாது என்று போனில் கூப்பிட்டுச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள். “ரெண்டுல எது அப்பாக்கு உபகாரப்படும்னு நீயே சொல்லும்மா. இன்னைக்கே ஓர்டர் பண்ணிடறேன்.”

அப்பாவுக்கு எது என்றுதான் கேட்டாள். கவனித்தீர்களா?

டேப் மலையாளம்தான் பேசும், நம் வீட்டில் அது எதற்கு என்றேன். அப்பாக்கு மலையாளம்தானேம்மா சரளமா வரும் என்றாள் அவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவருக்கு முதலில் திரும்பி வருவது ஊராரிடம் பேசிய பேச்சா, என்னிடம் பேசியது இல்லையா என்று கேட்டேன். கேட்டது பொய்யில்லை, அந்த எரிச்சல் என்றைக்கும் எனக்கு உண்டு. ஆனால் என் குரலையே பதியலாம் என்று அஞ்சனா சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்கு மேலும் ஒரு படி போனேன். வெளிச்சமான திரை அப்பா தலைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ரீடர் என்றால் கண்ணுக்கு நல்லது, எழுத்தைப் பெரிதாக வைத்துக் காட்டிப் பழக்கலாம் என்றேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை! தமிழ் எழுத்தை நல்ல நாளிலேயே தடவித்தடவி வாசித்த மனிதருக்கு எழுத்தைக் காட்டிப் பழக்குவதாம். மகள் நம்பினாள். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

பெட்டி வந்த நாள்… அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கூரியர்க்காரரிடமிருந்து அவரே வாங்கினார். உமா அனுப்பியிருக்கிறாள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையாலும் பல்லாலும் அட்டையைப் பிரித்தார். நான் உதவப் போனேன், விடவில்லை. கருவியை எடுத்து மடியில் நேராக வைத்துக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். சாம்பல் நிறத்தில் எழுத்து வந்தது.

அவர் அதை விரலால் தொட்டார். பக்கம் திரும்பியது. காத்திருந்தார்.

மறுபடியும் தொட்டார். மறுபடியும் பக்கம் திரும்பியது. அதைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். சத்தம் குறைவாக இருக்கிறதோ என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பவும் மடியில் வைத்து, இந்த முறை கொஞ்சம் அழுத்தித் தொட்டார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“பின்ன…?”

அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“இது கண்ணுக்கு நல்லது, கேட்டியளா” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

வருந்தினேனா? அன்றைக்கு இல்லை. இதுதான் என் குற்றத்திலேயே பெரிய குற்றம். அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். ஒரு நாவலில் பாதி! யாரும் குறுக்கே பேசவில்லை. மழை பெய்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் ஊமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் சந்தோஷமாக இருந்தேன்…

அஞ்சனா அடுத்த முறை கேட்டபோது, மகள் வாங்கப் போகிறாள் என்றேன். அதற்கடுத்த முறை, எங்கள் வீட்டில் நெட் சரியாகக் கிடைக்காது என்றேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. படம் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்தனுப்பினாள். நாலு நாள் காட்டினேன். அட்டை பேசாது, நான்தான் பேச வேண்டும். அலுப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும் அலுப்பாக இருந்தது. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. அந்த ‘சா…’ வையும் பிறகு அவர் சொல்லக் கேட்கவில்லை.

பேச்சு வந்திருக்குமா? தெரியாது. அஞ்சனாவே உறுதி சொல்லவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. ஆனால் வந்திருக்காது என்றும் அவள் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் தினமும் எழுந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஓணத்துக்கு உமா வந்தாள். அவள் கையில் சொந்த டேப் இருந்தது. ஏதோ தோன்றி, அதே மாதிரிப் படங்களை வரவழைத்து அப்பா மடியில் வைத்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

அவள் டீ கிளாஸைத் தொட்டாள். “சாயா” என்றது.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இடது கையை மெல்ல எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். உமா கெஞ்சிப் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தொடவே மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

“அப்பாக்கு இதுல இஷ்டமே இல்லம்மா. நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி” என்றாள் உமா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவருக்குத் தெரியுமா? இதைக் கேட்டுக் கேட்டு நான் களைத்துவிட்டேன். கேட்கவும் பயம். கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இருப்பதே ஒரு சொல்தானே.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் அவர் ஒரு காரியம் செய்கிறார். கம்பை ஊன்றி அலமாரிக்குப் போய் ரீடரை எடுப்பார். தோளில் கிடக்கும் துண்டால் திரையைத் துடைப்பார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தத்தித்தத்தி வந்து என் மடியில் வைப்பார். எனக்குப் பிடித்தது என்று அவருக்குத் தெரியும். பிறகு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் படிப்பேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நேற்று ஒரு நாவல் முடிந்தது. நல்ல முடிவு. என்னையறியாமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அதுல அப்படி என்ன இருக்கு, எனக்கும் சொல்லு என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன்… காத்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அவர் வாய் அசைந்தது.

“பின்ன…” என்றார்.

நான் அடுத்த புத்தகத்தைத் திறந்தேன்.