போய்ட்டாரு

எங்க வீட்டுக்காரர் லாஞ்சில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். ஒருநாள் மேல்தட்டிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போச்சு. அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கணும். விட்டால் முதுகில் புண் வரும். விடியுமுன் காசிமேட்டுக்கு, விற்க மீன் எடுக்கப் போவேன். தூக்கம் மறந்தே போச்சு. ஒருநாள் வஞ்சிரத்தோடு என் விரலையும் சேர்த்து நறுக்கிவிட்டேன்.

கட்டுப் போட்ட நர்ஸம்மாதான் சொன்னாங்க. மீஞ்சூர் பக்கம் ஒரு ஹோம் இருக்குது. இந்த மாதிரி ஆளை ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்குவாங்க. வீட்டில் பார்த்துக்கிறவங்க தூங்கறதுக்காகவே நடத்துறாங்களாம்.

நான் தூங்க இன்னொருத்தர் முழித்திருப்பாரா? நம்பவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போறேன்மே. உன் மூஞ்ச பாத்தா எனக்கே கொட்டாவி வருது" என்றார்.

கொண்டுபோய் விட்டேன். ரயிலில் நின்னுகினே தூங்கித் திருவொற்றியூரில் இறங்கினேன். தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, அண்ணன் எங்க?"

"போய்ட்டாரு."

"ஐயோ! எப்பக்கா?"

"காலையில."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. சிரிச்சிகினேதான் போனாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ இன்னாக்கா பண்ணப்போற?"

"தூங்கப்போறேன்."

போயிருக்காரு என்று சொல்லியிருக்கணும். எனக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். கதவைச் சாத்திப் படுத்தேன். பாடி ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்று தெருக்காரங்களே முடிவு பண்ணிட்டாங்க.

மேளச் சத்தத்தில் முழித்தேன். வெளியே பந்தல், நாற்காலி. கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அவர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். வாசலில் நீளமாக ஒரு ஐஸ் பெட்டி.

"யாரு சரக்கு இது?" என்றேன். மீன் என்று நினைத்தேன்.

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். "புத்தி கலங்கிடுச்சே! பாடி எப்ப வரும் அண்ணி?"

"ஞாயித்துக்கிழம."

"அவ்ளோ நாளா அறுப்பாங்க?"

"யாரு அறுக்கறது? சோறு போட்டு டிவி காட்டறாங்க."

மேளம் நின்றது. நாத்தனார் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னா அங்க சத்தம்? யாரு செத்தது?" என்றார்.

மேளக்காரர்தான் சொன்னார். "நீதான் நைனா."

போனில் அவர் கேட்டார். "கூட்டம் வந்துகீதா?"

"நல்ல கூட்டம் நைனா."

"மாலை?"

"கீது."

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "உயிரோட கீற புருஷன ஹோம்ல தள்ளிட்டுப் பகல்ல தூங்குறியா?"

"தள்ளல. நாந்தான் வந்தேன். அவள தூங்க வுடு" என்றார் போனில்.

அவர் சொன்னதை யார் கேட்டாங்க? முதலில் சொன்னது யார் என்று சண்டை ஆரம்பித்தது. டீ வந்தது. மேளத்தைத் தீயில் காய்ச்சியாச்சு, சும்மா போக முடியாது என்று மேளக்காரங்க கல்யாண அடி அடித்தாங்க. பெரியவர் ஒருத்தர் என் பாயில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். பந்தலைப் பிரிக்கிற பேச்சே இல்லை.

செருப்பு மாட்டினேன். மறுபடி ரயில் ஏறினேன்.

ஹோமில் வேலை செய்கிற பொண்ணு கோபித்துக்கொண்டது. "எதுக்கும்மா வந்தீங்க? நீங்க வீட்ல ரெஸ்ட் எடுக்கத்தானே இவர இங்க வெச்சிருக்கோம்?"

"வூட்ல சாவு."

"அய்யய்யோ! யாரும்மா?"

அவர் கட்டிலைக் காட்டினேன். அவர் கையை ஆட்டினார்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அந்தப் பொண்ணு அதைத் தட்டிப்போட்டுக் கொடுத்தது.

நடு ராத்திரியில் யாரோ அவரைப் புரட்டினாங்க. பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"உன் வேல இல்லமே. படு" என்றார்.

படுத்தேன்.