மூன்றாவது வளைவில் கேட்ட குரல்

அப்பாவின் தம்பி கார்ப் பந்தயம் ஓடுபவர். நாங்கள் குடியேறியிருந்த அஜின்கோர்ட்டில் விசேஷ வீடுகளில் யாராவது "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "ட்ரைவர், அன்ரி" என்பார். டாக்சி என்று நினைத்து அவர்கள் கல்யாணப் பேச்சை அதோடு நிறுத்திவிடுவார்கள்.

கிழமை நாட்களில் கராஜ் ஒன்றில் நசுங்கிய கார்களை நிமிர்த்துவார். ஞாயிறுகளில் ஒஷாவா நகருக்கு அப்பால் இருந்த பந்தயத் திடலில் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஐந்து வருடங்களில் கடைசி வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியிருந்தார். அவரை முழுநேர ஓட்டுநராக எடுக்கலாமா என்று பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு குழுவின் முதலாளி வந்த ஞாயிறன்று, அம்மாவுக்கு வேலை இருந்ததால் சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார். எனக்குப் பத்து வயது.

பார்வையாளர் மேடையின் உச்சிப் படியில் அவருடைய மெக்கானிக் நின்றார். சிவந்த முகமுள்ள வெள்ளைக்காரக் கிழவர். முன்னால் நடப்பதைப் பார்த்து ரேடியோவில் சித்தப்பாவுக்குச் சொல்வது அவர் வேலை. எனக்கும் காதில் மாட்ட ஒரு ஹெட்ஃபோன் தந்தார். சித்தப்பா மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

பாதிப் பந்தயத்தில் மூன்றாவது வளைவில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. வளைவு முழுக்கக் கரும்புகை. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கிழவர் கத்தினார். சித்தப்பா குறைக்கவில்லை. அப்படியே புகைக்குள் போனார்.

"குனி தம்பி. தலையைத் தூக்காதை."

தமிழில், மிக மெதுவாக, என்னைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் சித்தப்பா சொன்னார். புகைக்கு வெளியே வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சத் தூரம்தான். ஓம்... ஓம், தண்ணி தாறன். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். அந்தக் காரில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் இருக்கை. பக்கத்தில் வெறும் தகரமும் இரும்புக் குழாய்களும்தான். அவர் என்ன சொல்கிறார் என்று கிழவர் என்னிடம் கேட்டார். சாமி கும்பிடுகிறார் என்று பொய் சொன்னேன். பிறகு கிழவரின் ரேடியோவை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"சித்தப்பா, ஆரோட கதைக்கிறியள்?"

இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் இன்னும் தணிந்தது.

"சத்தம் போடாதை பிள்ளை. அவன் இப்பதான் கண்ணை மூடினவன்."

சித்தப்பா வென்றார். அவ்வளவு வேகமாக அந்தத் திடலில் யாரும் ஓடியதில்லை என்று கிழவர் என்னைத் தூக்கிச் சுழற்றினார். நாங்கள் இறங்கி ஓடியபோது அமெரிக்கர் கைகொடுக்கக் காத்து நின்றார். சித்தப்பா அவரைப் பார்க்கவே இல்லை. காரைச் சுற்றி, இருக்கையில்லாத வலப்பக்கம் வந்து, ஜன்னலுக்குள் இரண்டு கைகளையும் விட்டு எதையோ தாங்கிப் பிடித்தார்.

"பிள்ளை, காலைப் பிடி. மெதுவா."

நானும் கைகளை நீட்டினேன். உள்ளே எதுவும் இல்லை. ஆனாலும் கையை எடுக்கப் பயமாக இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா புல்லில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அமெரிக்கரிடம், இனி ஓடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் ஓடவும் இல்லை.

அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கும் இளையவனாக, இன்னொரு தம்பி இருந்ததை நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார். போர்க்காலத்தில் ஷெல் அடிக்குள் காயப்பட்டவனை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவர் சித்தப்பாதான். வாசலில் வண்டி நின்றபோது அவனுக்கு உயிர் இல்லை.

அந்தப் பந்தய நாளில் வீட்டுக்குப் புறப்படும்போது சித்தப்பா என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். முன்னால் காலியாக இருந்த சீற்றுக்குப் பெல்ற்றை இழுத்துப் பூட்டினார். அதன் பிறகு வழிநெடுக லொறிகள் ஹோர்ன் அடிக்க அடிக்க, குலுங்காமல், மெதுவாக ஓட்டினார். ரேடியோவில் குழப்பியதற்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை என்று நினைத்து, வீடு வரும்வரை நான் அவருடன் பேசவில்லை.